மூக்கின் இடப்பக்கம் ஒரு பெண்!

ஒரு சின்னப் பரிசோதனை. படிப்பதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, சுட்டுவிரலை மூக்குக்குக் கீழே வைத்துப் பாருங்கள். மூச்சு இரண்டு துவாரத்திலும் சமமாகவா வருகிறது? பலருக்கும் வராது. ஒன்று தாராளமாக விடும், இன்னொன்று கஞ்சத்தனம் பண்ணும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் விரலை வைத்துப் பாருங்கள். கஞ்சன் வள்ளலாகியிருப்பான், வள்ளல் கஞ்சனாகியிருப்பான்!

மூக்கின் உள்சதை ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் வடிந்து, பிறகு இடம் மாறிக்கொள்வதால் வருகிற விளையாட்டு இது. ரிச்சர்ட் கைசர் என்கிற ஜெர்மன் டாக்டர் 1895-ல் இதைப் பற்றி எழுதினார். மேற்கத்திய மருத்துவம் அதற்குப் பிறகுதான் இதைக் கவனிக்க ஆரம்பித்தது.

நம்ம ஊர் சித்தர்களுக்கு இது ரொம்பப் பழைய சமாசாரம். இடது மூச்சுக்கு இடகலை என்று பேர் வைத்தார்கள். அது சந்திரன், குளிர்ச்சி. வலது மூச்சு பிங்கலை. அது சூரியன், சூடு. திருமூலர் ஒரு படி மேலே போய், எந்தக் கிழமையில் எந்தப் பக்கம் மூச்சு ஓட வேண்டும் என்று 'வாரசரம்' என்று ஓர் அட்டவணையே போட்டுவிட்டார். திங்கள், புதன், வெள்ளி இடது. ஞாயிறு, செவ்வாய், சனி வலது. வியாழக்கிழமை மட்டும் வளர்பிறையில் இடது, தேய்பிறையில் வலது!

சிவ ஸ்வரோதயம் என்கிற சம்ஸ்கிருத நூல் இன்னும் பச்சையாகவே சொன்னது. சந்திரன் பெண். சூரியன் ஆண். அதாவது, உங்கள் மூக்கின் இடப்பக்கம் ஒரு பெண் குடியிருக்கிறாள், வலப்பக்கம் ஓர் ஆண். இரண்டு பேரும் மாறி மாறிக் காவல் காக்கிறார்கள்.

இன்றைக்கு எந்த யோகா வகுப்புக்குப் போனாலும் இந்த வசனத்தைக் கேட்கலாம்: 'நமக்குள்ளே ஆண் சக்தியும் இருக்கு, பெண் சக்தியும் இருக்கு. ரெண்டையும் சமப்படுத்தணும். கண்ணை மூடி, வலது மூக்கை அடைச்சுக்கோங்க...'

சொன்னபடி மூடிய கண்ணைக் கொஞ்சம் திறந்து சுற்றிப் பாருங்கள். பல ஊர்களில் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்களாக இருப்பார்கள். அமெரிக்காவில் 2016-ல் எடுத்த ஒரு கணக்குப்படி யோகா செய்கிறவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள்.

சரி, நூறு வருஷத்துக்கு முன்னால் இதே வகுப்பில் எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள்? அநேகமாக ஒருத்தர்கூட இல்லை! ஆணும் பெண்ணும் ஒவ்வொரு உடம்புக்குள்ளும் சரிசமம் என்று முழங்கிய ஒரு வித்தை, நிஜமான பெண்ணை ஏன் வாசலிலேயே நிறுத்தியது? இந்த வாரம் அந்தக் கதைதான்.

முதலில் மும்பைக்கு ஒரு படகுப் பயணம். எலிஃபெண்டா குகை. அங்கே 16 அடிக்கும் மேல் உயரமாக நிற்கிறார் அர்த்தநாரீஸ்வரர். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கியது. வலது பாதி ஆண், இடது பாதி பெண். ஆண் பக்கத்துக் கை நந்தி மேல் சாய்ந்திருக்கிறது. இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்து நிற்கிறது. எங்கே ஆண் முடிந்து எங்கே பெண் ஆரம்பிக்கிறாள் என்று கோடு கிழிக்க முடியாதபடி சிற்பி பண்ணியிருக்கிறான். நம்ம திருச்செங்கோட்டு மலையிலும் அதே மாதொரு பாகர்தான். கல்லில் நின்ற இந்த உருவத்தை மனுஷ உடம்புக்குள்ளேயே நிறுத்திப் பார்த்தவர்கள்தான் ஹடயோகிகள்.

'ஹட' என்றால் சம்ஸ்கிருதத்தில் பலவந்தம், வலுக்கட்டாயம் என்று அர்த்தம். 'ஹ' என்றால் சூரியன், 'ட' என்றால் சந்திரன், இரண்டும் சேர்வதே ஹடயோகம் என்று யோகபீஜம் என்ற நூல் பிற்பாடு ஓர் அழகான விளக்கம் கொடுத்தது. இன்றைக்கு எல்லாரும் சொல்வது அதைத்தான்.

இந்த வித்தையின் அடிப்படையைச் சொல்லும் மிகப் பழைய நூல் அம்ருதசித்தி. 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதியது. இதில் ஒரு வேடிக்கை, இது பிறந்தது சைவ மடத்தில் அல்ல, தாந்திரிக பௌத்தர்களின் வட்டாரத்தில்! சம்ஸ்கிருதமும் திபெத்திய மொழியும் கலந்து எழுதிய அதன் சுவடி ஒன்றில் 1160-ஆம் வருஷத்துக் குறிப்பு இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் ஜேம்ஸ் மல்லின்சனும் பீட்டர் சான்டோவும் சேர்ந்து அதைப் பதிப்பித்தார்கள். 2021-ல் நம்ம பாண்டிச்சேரியிலிருந்துதான் அது புத்தகமாக வந்தது.

அந்த நூல் காட்டும் உடம்பு விசித்திரமானது. தலையில் ஒரு சந்திரன் இருக்கிறது. அதிலிருந்து அமுதம் சொட்டுச் சொட்டாகக் கீழே வடிகிறது. வயிற்றில் ஒரு சூரியன். மேலேயிருந்து விழும் ஒவ்வொரு சொட்டையும் அது எரித்துத் தின்கிறது. அப்படித் தின்னத் தின்ன மனுஷன் கிழவனாகிறான், கடைசியில் செத்துப்போகிறான். ஆகவே அமுதத்தை மேலேயே தடுத்து நிறுத்தணும். மூச்சை அடக்கு, கழுத்தைப் பூட்டு, அடிவயிற்றை இறுக்கு என்று சொல்லும் பந்தங்களும் முத்திரைகளும் எல்லாம் இதற்காகத்தான். தலைகீழாக நின்றால் சந்திரன் கீழே வந்துவிடும், சூரியன் மேலே போய்விடும், அப்புறம் எதை எரிக்கும் என்று கேட்டார்கள் பின்னால் வந்த யோகிகள். என்ன ஒரு தர்க்கம்!

அந்த அமுதத்துக்கு இன்னொரு பெயர் விந்து. இங்கேதான் ஆண், பெண் சங்கதி வருகிறது. கோரக்கநாதர் பெயரில் வழங்கும் விவேகமார்த்தாண்டம் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்தது. உடம்பில் இரண்டு சாரம் உண்டு. ஒன்று வெள்ளை, அதுதான் விந்து. அது சிவன், அது சந்திரன். இன்னொன்று சிவப்பு, அதன் பேர் ரஜஸ். அது சக்தி, அது சூரியன். இரண்டும் ஒரே உடம்புக்குள் சேர்ந்தால் அதுவே பரமபதம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். முதலாவது, சந்திரன் இங்கே ஆணாகிவிட்டது, சூரியன் பெண்ணாகிவிட்டது! சிவ ஸ்வரோதயம் சொன்னதற்கு நேர் தலைகீழ். 'சூரியன் என்றால் ஆண், வெப்பம், வேகம். சந்திரன் என்றால் பெண், குளிர்ச்சி, பொறுமை' என்று இன்றைக்கு வகுப்பில் சொல்லிக் கொடுப்பது ஒரு மரபின் கணக்குதான். இன்னொரு மரபில் எரிகிறவள் பெண், சொட்டுகிறவன் ஆண். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி என்ற பட்டியல் யோகிகளுக்கே ஒன்றாக இல்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். ரஜஸ் என்ற சொல்லுக்கு நேரடிப் பொருள், பெண்ணின் மாதவிலக்கு ரத்தம். 'தீட்டு, தள்ளி உட்காரு' என்று எதற்காக ஒரு பெண்ணைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தார்களோ, அதே சிவப்பைத்தான் யோகி தன் உடம்புக்குள் சக்தி என்று கும்பிட்டான்! உள்ளே இருந்தால் பராசக்தி. வெளியே இருந்தால் தீட்டு.

15-ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையில் இந்த முரண்பாடு பளிச்சென்று தெரியும். சூரியன் சந்திரன் சேர்க்கையைப் பக்கம் பக்கமாகப் பேசும் அதே நூல், பயிற்சியைத் தொடங்குகிறவன் தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் தருகிறது. நெருப்பு, பெண், ஊர் சுற்றுவது. பெண்ணும் யோகினி ஆகலாம் என்று ஓரிரு சுலோகம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நூல் முழுக்க மனசில் வைத்திருப்பது ஓர் ஆணின் உடம்பை. அதன் சாரம் சிந்திவிடக் கூடாது என்கிற பயத்தை. அந்தக் கணக்கில் பெண் என்பவள் கூடவே பயிற்சி செய்கிற ஆள் அல்ல, சொட்டைச் சிந்தவைக்கிற ஆபத்து.

'அப்போ பெண்கள் யாருமே இதைக் கற்றுக்கொள்ளவில்லையா?' என்று கேட்பீர்கள். அதான் இல்லை!

14-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரில் லல்லா என்று ஒரு பெண். மாமியார் கொடுமை தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறியவர் என்று ஊர்க்கதை சொல்லும். மூச்சை அடக்கி உள்ளே போன அனுபவத்தை அவர் காஷ்மீரி மொழியில் சின்னச் சின்னப் பாட்டாகச் சொன்னார். இன்றைக்கும் அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் அதைத் தங்கள் சொத்தாகச் சொல்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டுப் பூஜை அறைக்கே வாருங்கள். விநாயகர் அகவல்! என் பாட்டி விடிகாலையில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடுவாள். சின்ன வயசில், தொந்திப் பிள்ளையார், கொழுக்கட்டை சம்பந்தமான பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவனாகி நிதானமாகப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையாரின் உருவ வர்ணனை முடிந்ததும் பாட்டு நேராக உடம்புக்குள் இறங்குகிறது. மூலாதாரம், குண்டலினி, இடகலை, பிங்கலை, சுழுமுனை, ஆறு ஆதாரம்... ஹடயோகத்தின் மொத்தப் பாடத்திட்டமும் உள்ளே இருக்கிறது! பாடியவராகத் தமிழர்கள் சொல்வது யாரை? ஔவையாரை. சங்க கால ஔவை அல்ல, பிற்காலத்து ஔவை. ஆனாலும் ஒரு பெண்.

என் பாட்டிக்கு அந்த வரிகளின் அர்த்தம் தெரியுமா? தெரியாது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. ஒரு பெண் எழுதிய யோகப் பாடத்தை இன்னொரு பெண் அறுபது வருஷம் மந்திரம் மாதிரி ஒப்பித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். யோசித்துப் பார்த்தால் எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே பெரிய சோகம்.

இனி மைசூர். 1930-கள்.

மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் 1933-ல் ஒரு யோகசாலை திறந்தார்கள். ஆசிரியர் டி.கிருஷ்ணமாச்சாரியார். பரம வைஷ்ணவர், மகா பண்டிதர், மகா கோபக்காரர். படித்தவர்கள் அரண்மனைப் பையன்களும் மற்ற இளைஞர்களும். பாடம் அதற்குத் தகுந்த முரட்டுப் பாடம்.

இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு சுவாரசியமான சம்பவம் உண்டு. 16 வயசில் அவர் ஆழ்வார்திருநகரிக்குப் போனபோது, வைஷ்ணவ ஆச்சாரியர் நாதமுனிகள் தரிசனம் தந்து 'யோக ரகசியம்' என்ற மறைந்துபோன நூலை உபதேசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தாமிரபரணிக் கரையில் கிடைத்த அந்த நூல் என்ன சொல்கிறது தெரியுமா? யோகத்தில் பெண்களுக்கு விசேஷ உரிமை உண்டு! கர்ப்பிணிகள் என்ன செய்யலாம் என்றுகூட அதில் இருக்கிறது. வீட்டில் மனைவி நாமகிரியம்மாளுக்கும் அவர் ஆசனங்கள் கற்றுத் தந்திருந்தார். 1938-ல் எடுத்த ஒரு மௌனப் படத்தில் நாமகிரியம்மாள் ஆசனம் செய்வதை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஆனால், வீட்டுப் பெண் வேறு. வெளியிலிருந்து வந்து 'எனக்கும் கற்றுக்கொடுங்கள்' என்று கேட்கிற பெண் வேறு. அப்படி 1937-ல் ஒருத்தர் வந்து நின்றார்.

அவர் பெயர் யூஜினி பீட்டர்சன். 1899-ல் ரிகாவில் பிறந்தவர். அன்றைக்கு அது ரஷ்ய சாம்ராஜ்யம். அப்பா ஸ்வீடன்காரர், அம்மா ரஷ்யப் பிரபு குடும்பம். 15 வயசில் யோகி ராமசரகா என்பவர் எழுதிய புத்தகத்தைப் படித்து இந்தியப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. (ராமசரகா என்ற பெயரில் எழுதியவர் ஓர் அமெரிக்க வக்கீல் என்பது தனிக் கூத்து!) ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு பெர்லினுக்கு ஓடிவந்து நாடகத்தில் நடித்தார். 1927-ல் இந்தியா வந்தார். 1930-ல் 'ஷேர்-இ-அரப்' என்ற மௌனப் படத்தில் நடித்தார். சினிமாவுக்காக வைத்துக்கொண்ட பெயர், இந்திரா தேவி. செக்கோஸ்லோவாகியத் தூதரக அதிகாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு இதயத்தில் கோளாறு வந்து ரொம்பவே அவஸ்தைப்பட்டார். யோகம் உதவுமா என்று தேடித்தான் மைசூர் போனார்.

கிருஷ்ணமாச்சாரியார் முடியாது என்றார். வெள்ளைக்காரி. அதற்கு மேல், பெண். மகாராஜா நடுவில் வந்து சொன்ன பிறகு அரைமனசாகச் சம்மதித்தார். சாப்பாட்டில் ஏகப்பட்ட கட்டுப்பாடு, விடிகாலையில் எழுந்திருக்கணும், ஒருநாள் தவறக் கூடாது. இவள் ரெண்டு வாரத்தில் ஓடிவிடுவாள் என்று அவர் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால், இந்திரா தேவி ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் வந்தார். மாதங்கள் போகப் போக குரு மாறினார். பிராணாயாமம் வரைக்கும் சொல்லிக்கொடுத்தார். கணவருக்கு சீனாவுக்கு மாற்றல் வந்தபோது, கூப்பிட்டு உட்கார வைத்து, 'இனிமேல் நீ மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடு' என்றார். முடியாது என்று கதவைச் சாத்திய அதே மனிதர்!

1939-ல் ஷாங்காயில் இந்திரா தேவி வகுப்பு தொடங்கினார். யுத்தம் முடிந்து 1947-ல் அமெரிக்கா போனார். ஹாலிவுட்டில் அவரிடம் யோகா கற்றவர்களில் கிரெட்டா கார்போ, குளோரியா ஸ்வான்சன் எல்லாம் உண்டு. புடைவை கட்டிக்கொண்டு, ரஷ்ய உச்சரிப்பில் இங்கிலீஷ் பேசிக்கொண்டு, ஒரு கண்டத்துக்கே மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தார். 2002-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் அவர் இறந்தபோது வயது 102.

அவர் ஒருத்தர்தான் கதவைத் திறந்தார் என்று எழுதினால் அது பாவம். மும்பையில் யோகா இன்ஸ்டிட்யூட் நடத்திய யோகேந்திராவின் மனைவி சீதாதேவி, பெண்களுக்கான யோகப் பயிற்சி பற்றி 1934-லேயே புத்தகம் போட்டுவிட்டார். அடுத்து, வட கர்நாடகத்தில் கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சுற்றுப்பயணம் போனபோது தார்வாரில் சில பெண்கள் 'எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள்' என்று கேட்டார்கள். பெரிய ஆண்கள் முன்னால் அவர்களுக்குக் கூச்சம். இருந்த சீடர்களிலேயே சின்னப் பையனாகப் பார்த்து அனுப்பினார் குரு. 1936-ல் நடந்தது. பையனுக்கு வயசு 17. அவர் வேறு யாருமில்லை, நாமகிரியம்மாளின் தம்பி, பிற்பாடு உலகம் கொண்டாடிய பி.கே.எஸ்.ஐயங்கார்! அவருடைய வாத்தியார் வாழ்க்கை தொடங்கியதே பெண்கள் வகுப்பில்தான். அவர் மகள் கீதா ஐயங்கார், பூப்பெய்தும் வயசு முதல் மாதவிலக்கு நிற்கும் காலம் வரைக்கும் ஒரு பெண்ணுடம்பு என்னவெல்லாம் மாறுகிறது, அப்போது எந்த ஆசனம் செய்யலாம், எதை விடலாம் என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2018-ல் அவர் மறைந்தார்.

அந்தப் புத்தகத்தை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய நூல்களில் பெண் என்றால் ஆணின் உடம்புக்குள் இருக்கும் ஒரு தத்துவம். ஒரு நிறம், ஒரு நாடி, ஒரு பக்கத்து மூச்சு. இங்கே அவள் இடுப்பு வலி உள்ள, பிள்ளை பெற்ற, தூக்கம் வராத ஒரு மனுஷி.

ஆண் சக்தியையும் பெண் சக்தியையும் சமப்படுத்துங்கள் என்று இனி யாராவது சொன்னால் தாராளமாகக் கண்ணை மூடி மூச்சை மாற்றி விடுங்கள். நல்ல பயிற்சிதான். ஆனால், அர்த்தநாரியை உள்ளுக்குள்ளேயே தேடிவிட்டு எழுந்து வந்து, வீட்டில் காபி டம்ளரை எடுத்து வைக்காமல் போகிற ஆளுக்கு இடகலை திறந்தால் என்ன, பிங்கலை திறந்தால் என்ன?

உங்கள் வீட்டில் அகவல் சொல்லும் பாட்டி இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்குக் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மூலாதார வரிகள் வரும்போது நிறுத்தச் சொல்லி, அது என்னவென்று இரண்டு பேரும் சேர்ந்து ஓர் உரையை வைத்துப் படியுங்கள். என் பாட்டிக்கு நான் அதைச் செய்யவில்லை.